வெளிநாட்டு ஆய்வு உதவித்தொகை: ஊருக்கு என்ன பயன்?

கணக்குப்பிள்ளை:
மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள். பெரும்பகுதி பட்டியல் சாதி மாணவர்களுக்கு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் முதுகலைக்கோ முனைவர் படிப்புக்கோ கட்டணம், விமானச் சீட்டு, சாப்பாட்டுச் செலவு எல்லாம் அரசே தரும். 2025இல் 106 பேர் தேர்வானார்கள். நிதி இல்லையென்று முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் போனது. எல்லோரும் கொதித்தார்கள். என் கேள்வி வேறு. ஒருவர் லண்டனில் டாக்டர் பட்டம் வாங்கினால் அவர் குடும்பம் நிமிரும், சரி. அவர் தெருவில் இருக்கிற மற்றவர்களுக்கு? அந்தப் பணத்தை இங்கே ஆதிதிராவிடர் நல விடுதிகளில் போட்டால் எத்தனை பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிடுவார்கள்?

வெள்ளாறு:
ஐயா, விடுதிப் பிள்ளையின் சோற்றையும் ஆராய்ச்சி மாணவனின் கட்டணத்தையும் ஏன் எதிரெதிரே நிறுத்துகிறீர்கள்? இரண்டுக்கும் கேட்போம். அப்புறம், பழைய கணக்கு ஒன்றைப் பாருங்கள். 1913இல் பரோடா சமஸ்தானம் மாதம் 11.5 பவுண்டு வீதம் மூன்றாண்டுக்கு உதவித்தொகை கொடுத்து அம்பேத்கரை நியூயார்க் அனுப்பியது. திரும்பி வந்து 10 ஆண்டு சமஸ்தானத்தில் வேலை பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். 1917இல் வந்தார். பரோடாவில் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. வேறு பெயரில் பார்சி விடுதியில் தங்கியவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். கொஞ்ச நாளில் வேலையை விட்டார். உங்கள் பேரேட்டில் அது வாராக்கடன். தெருவில் இருப்பவர்களுக்கு அதிலிருந்து என்ன கிடைத்தது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:
தம்பி, இந்தப் பேச்சு வந்தாலே அம்பேத்கரைக் காட்டிவிடுகிறீர்கள். அவரைப் போல் நூறாண்டுக்கு ஒருவர் வருவார். திட்டம் போடுவது மற்ற 124 பேரை மனதில் வைத்து. ஒப்பந்தம் பலித்த கதையும் இருக்கிறது. அமுல் பால் கூட்டுறவை வளர்த்த வர்கீஸ் குரியன் படிக்க ஆசைப்பட்டது உலோகவியல். அரசு கொடுத்ததோ பால் பொறியியலுக்கான உதவித்தொகை. அமெரிக்காவின் மிச்சிகனில் படித்து வந்தவரை 1949இல் குஜராத்தின் ஆனந்துக்கு அனுப்பியதே அந்த ஒப்பந்தம்தான். அது இல்லையென்றால் அவர் அந்தப் பக்கமே எட்டிப் பார்த்திருக்க மாட்டார். அந்த மாதிரி கட்டுப்பாடு போடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

மாத்திரைநேரம்:
குரியன் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள் ஐயா. அரசு அவரை ஆனந்தில் உட்கார வைத்தது. அவரோ எப்போது கிளம்பலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தார். இருக்க வைத்தது அங்கே பால் கூட்டுறவை நடத்திய திரிபுவன்தாஸ் படேல். எருமைப் பாலில் பவுடர் எடுக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொன்னபோது செய்து காட்டிய தலாயா, மிச்சிகனில் கிடைத்த நண்பர். இதெல்லாம் எந்த ஒப்பந்தப் பத்திரத்தில் இருந்தது? எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த பயணம். 1952-53இல் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா போய்க் கூட்டுறவுப் பால்பண்ணைகளைப் பார்த்து வந்தார். அதற்குள் ஆனந்தில் என்ன சிக்கல், எது ஓடவில்லை என்று அவருக்கே தெரியும். கேள்வியோடு போனார்.

நான் மாவட்ட மருத்துவமனை செவிலியர். படிப்புக்காக இல்லாமல் வேலைக்காக ஒருவரை அனுப்பும் உதவித்தொகைதான் எங்களைப் போன்றவர்களுக்கு வேண்டும். ஆஸ்திரேலியாவில் சர்ச்சில் நினைவாக ஒன்று இருக்கிறது. 1965இல் வீடு வீடாகக் கதவைத் தட்டி வசூலித்த பணத்தில் தொடங்கியது. பட்டம் தேவையில்லை. சமையல்காரரோ தீயணைப்பு வீரரோ தன் வேலையில் இருக்கும் ஒரு சிக்கலைச் சொல்லி, வேறு நாட்டில் அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று சில வாரம் பார்த்துவிட்டு வரலாம். அறிக்கை எழுதித் தர வேண்டும். அதை யாரும் இலவசமாகப் படிக்கலாம். பல்கலைக்கழக நூலகத்தில் பூட்டி வைக்கும் ஆய்வேடு இல்லை.

வெள்ளாறு:
அக்கா, நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது நம் ஊரில் என்ன ஆகும்? நீங்கள் சில வாரம் பார்த்துவிட்டு வந்து, வார்டில் இதை மாற்றலாம் என்று எழுதினால் உங்கள் கண்காணிப்பாளர் படிப்பாரா? இங்கே பேச்சு எடுபட பெயருக்கு முன்னால் ஏதாவது இருக்க வேண்டும். அதனால்தான் நீண்ட படிப்பையே கேட்கிறோம். அதிலும் 2022இல் என்ன செய்தார்கள்? இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய தலைப்புகளுக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்று விதி வைத்தார்கள். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் எழுதி வாசித்த கட்டுரை இந்தியச் சாதிகளைப் பற்றியது. இன்றைய விண்ணப்பத்தில் அந்தத் தலைப்பை எழுதினால் நிராகரித்துவிடுவார்கள்.

மாத்திரைநேரம்:
கண்காணிப்பாளர் படிக்க மாட்டார், தெரியும். பக்கத்து மாவட்டச் செவிலியர் படிப்பார். எங்களில் மாற்றம் அப்படித்தான் பரவுகிறது, கைபேசியில், இரவுப் பணி முடிந்து வரும்போது.

கணக்குப்பிள்ளை:
அக்காவின் யோசனையில் செலவு குறைவு, கணக்கும் தெளிவு. அதையே 125 பேருக்கும் வைக்கலாமே. பட்டம் வாங்கியதும் என்ன ஆராய்ந்தேன், யாருக்குப் பயன் என்று தமிழில் 20 பக்கம் எழுதிப் பொதுவில் போடட்டும்.

வெள்ளாறு:
போடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. முதலில் அரசுச் செலவில் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய்வரும் ஐஏஎஸ் அதிகாரிகளிடம் அந்த 20 பக்கத்தை வாங்குங்கள். முதல் தலைமுறையாகப் படித்தவனிடம் மட்டும் ரசீது கேட்பது ஏன் ஐயா?