பேசும் படமா, பேசாத படமா? வளவில் போட ஒரு படம் வேண்டும்

கேள்வி: வளவுக்காரன், காரைக்குடி

அனைவருக்கும் வணக்கம். இந்தப் பிள்ளையார் நோன்புக்கு எங்கள் பங்காளிகள் ஐந்து குடும்பத்தாரும் ஊரில் கூடுகிறோம். நோன்புச் சடங்காக இழை எடுத்துக்கொண்ட மறுநாள் மாலை, வீட்டின் நடு முற்றமான வளவில் இரண்டு தூண்களுக்கு நடுவே வெள்ளை வேட்டியைக் கட்டி, புரொஜெக்டர் வைத்து ஒரு படம் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். படத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. எண்பத்தாறு வயது அப்பத்தா முதல் பெங்களூரில் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் வரை ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதால், இது எளிதான காரியமாக இல்லை.

‘பராசக்தி’யைத்தான் போட வேண்டும் என்பது அப்பச்சியின் விருப்பம். கறுப்பு வெள்ளைப் படம் என்றால் எழுந்து மாடிக்குப் போய்விடுவோம் என்று பிள்ளைகள் இப்போதே சொல்லிவிட்டார்கள். எனக்கோ ‘உதிரிப்பூக்கள்’ படத்தைத் தவிர வேறு எதுவும் மனதில் வரவில்லை.

என் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1950-களில் வந்த நம் படங்களில் பெரும்பாலானவை, நாடகத்தையே கேமராவுக்கு முன்னால் நடத்திக் காட்டியவை என்றுதான் நான் நெடுங்காலமாக நினைத்து வருகிறேன். ஒருவர் பேசுவார், மற்றவர்கள் வரிசையாக நின்று கேட்பார்கள், அவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்குவார். 1979-இல் வந்த ‘உதிரிப்பூக்க’ளை நான் கல்லூரி நாட்களில் முதன்முதலில் பார்த்தபோது, ஒரு மனிதன் பேசாமல் நிற்பதைப் பார்த்தே அவன் உள்ளத்தில் என்ன ஓடுகிறது என்பதை அறிந்துகொள்ள முடியும் என்பது எனக்குப் புதிய செய்தியாக இருந்தது. ஊரார் கதைநாயகன் சுந்தரவடிவேலுவை ஆற்றங்கரைக்குக் கொண்டு வந்து நிறுத்தும் கடைசிக் காட்சியில், அவன் தண்ணீரில் இறங்கிப் போவதையும், தாயையும் இழந்து இப்போது தகப்பனையும் இழக்கப் போகும் அந்த இரண்டு பிள்ளைகள் கரையில் நிற்பதையும் பார்த்த பிறகு, அன்று இரவு விடுதியில் எவரோடும் பேசத் தோன்றாமல் படுத்துக்கிடந்தேன்.

இன்றைய படங்களிலோ குறை வேறு வகையானது. சென்ற மாதம் மனைவியோடு ஒரு திரையரங்கில் புதிய படம் ஒன்றைப் பார்த்தேன். தாயும் மகனும் பல ஆண்டுகள் கழித்துச் சந்திக்கும் காட்சியில் அந்தத் தாய் சொன்ன ஒரு சொல்லும் காதில் விழவில்லை. பின்னணி இசை அவ்வளவையும் விழுங்கிவிட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழியில், அந்த அம்மாள் என்னதான் சொன்னாள் என்று நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம்.

பழைய படம் பேசியே தீர்த்தது, புதிய படம் சத்தம் போட்டே தீர்க்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ ஒரு பத்தாண்டு மட்டுமே நம் சினிமா அமைதியாக இருந்தது என்ற என் கணிப்பு சரிதானா? வளவில் எந்தப் படத்தைப் போடலாம்?

பதில் 1: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தேவகோட்டை

தம்பிக்கு வணக்கம். ‘உதிரிப்பூக்கள்’ மீது உங்களுக்குள்ள பற்றில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அதை உயர்த்துவதற்காகப் பழைய படங்களை இவ்வளவு தாழ்த்த வேண்டியதில்லை என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

1952-இல் ‘பராசக்தி’ வந்தபோது அதைப் பார்க்கப் போனவர்களில் பலர் கூத்தையும் நாடகத்தையும் மேடைப் பேச்சையும் கேட்டு வளர்ந்தவர்கள். எழுத்தறியாத ஒருவர் நல்ல தமிழைக் காதாரக் கேட்பதற்கு இருந்த இடங்களில் திரையரங்கமும் ஒன்று. அதனால்தான் அந்தப் படத்தின் வசனம் இசைத்தட்டாகவும் விற்றது. நீதிமன்றக் காட்சியில் கலைஞரின் வசனத்தைச் சிவாஜி எங்கே நிறுத்துகிறார், எங்கே மூச்சு வாங்குகிறார், எந்தச் சொல்லைத் தாழ்த்திச் சொல்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அங்கும் அமைதி இருக்கிறது. அது வாக்கியங்களுக்கு நடுவில் இருக்கிறது. என் வகுப்பில் வாய்விட்டுப் படிக்கத் தயங்கிய மாணவர்களுக்கு அந்தக் காட்சியைத்தான் பாடமாகச் சொல்லிக் கொடுத்தேன். நிறுத்தற்குறி என்றால் என்ன என்பதை இலக்கண நூலைக் காட்டிலும் அது நன்றாக விளக்கிற்று.

இரண்டாவதாக, உங்கள் பத்தாண்டுக் கணக்கு 1954-ஐ மறந்துவிட்டது. நம் காரைக்குடி மெய்யப்பச் செட்டியாரின் ஏ.வி.எம். நிறுவனம் எடுத்த ‘அந்த நாள்’ படத்தில் ஒரு பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சண்டையும் கிடையாது. அதை இயக்கியவரோ வீணை எஸ். பாலசந்தர். அவ்வளவு பெரிய இசைக்கலைஞர் பாட்டே வேண்டாம் என்று தீர்மானித்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ‘பராசக்தி’யில் முழங்கிய அதே சிவாஜி, இரண்டே ஆண்டுகள் கழித்து இந்தப் படத்தின் தொடக்கத்திலேயே சுடப்பட்டு விழுகிறார். பின்னர் மற்றவர்களின் நினைவுகளில் மட்டுமே வருகிறார்.

மூன்றாவதாக, நீங்கள் போற்றும் ‘உதிரிப்பூக்கள்’ இயக்குநர் மகேந்திரனே வசனத்தை நன்கு அறிந்தவர்தான். சிவாஜி நடித்த ‘தங்கப்பதக்கம்’ படத்துக்குக் கதை வசனம் எழுதியவர் அவர். இளையான்குடியில் பிறந்து, நம் அழகப்பா கல்லூரியில் படித்தபோது, அங்கு வந்திருந்த எம்.ஜி.ஆர். முன்னிலையிலேயே தமிழ் சினிமாவின் குறைகளை எடுத்துச் சொல்லி, அவருடைய பாராட்டையும் பெற்றவர். நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர் பேச்சைக் குறைத்தபோதுதான் ‘உதிரிப்பூக்கள்’ பிறந்தது.

என் பரிந்துரை ‘அந்த நாள்’. யார் சுட்டது என்ற கேள்வி இருக்கும்வரை உங்கள் பிள்ளைகள் மாடிக்குப் போகமாட்டார்கள்.

பதில் 2: ஒலியமைப்பாளன், பள்ளத்தூர்

திருமண மண்டபங்களுக்கும் கோயில் விழாக்களுக்கும் ஒலிபெருக்கி அமைப்பது என் தொழில். படங்களை நானும் காதால்தான் முதலில் பார்ப்பேன். ஆகவே அண்ணன் கேட்டதில் ஒரு பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அந்தத் தாயின் சொல் காதில் விழாததற்குப் படம் எடுத்தவர்கள் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. இப்போதைய படங்களில் வசனத்தைத் திரைக்கு நடுவில் உள்ள ஒலிபெருக்கிக்கும், இசையையும் மற்ற ஓசைகளையும் பெரும்பாலும் சுற்றியுள்ளவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கிறார்கள். நடு ஒலிபெருக்கி பழுதாகவோ அளவு குறைவாகவோ இருந்தால், இசை முழுதாகக் கேட்கும், பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். வீட்டில் இரண்டே ஒலிபெருக்கிகளை வைத்துப் போடும்போதும் இதே குறை வருவதுண்டு. பழைய படங்களில் எல்லா ஒலியும் ஒரே தடத்தில் இருப்பதாலும், குரலுக்கே முதலிடம் கொடுத்துப் பதிவு செய்திருப்பதாலும் அவை சிறிய கருவியிலும் தெளிவாகக் கேட்கும்.

ஆனால் ஒரு காட்சி முழுவதும் அடியில் இசையை ஓடவிட்டே தீர வேண்டும் என்ற பழக்கத்தை எந்த ஒலிபெருக்கியாலும் சரிசெய்ய முடியாது. பார்ப்பவர் அழுவாரோ மாட்டாரோ என்ற அச்சம் அது. 2024-இல் வந்த ‘கொட்டுக்காளி’யில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோவின் இரைச்சலும், காற்றும், கால் கட்டப்பட்ட சேவலும், தொண்டை கட்டிய சூரியின் கரகரத்த குரலும்தான் அதன் இசை. அந்தப் படத்தை நான் மூன்று முறை பார்த்தேன்; மூன்றாம் முறை ஓசைகளுக்காக மட்டும்.

ஒரு வேண்டுகோள். வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த உங்கள் சுவரும் ஆத்தங்குடித் தரையும் கண்ணாடி மாதிரி. ஒலியை அப்படியே திருப்பி அடிக்கும். இருக்கிற ஜமுக்காளத்தையெல்லாம் விரியுங்கள். ஒலிபெருக்கியைத் திரைக்குப் பின்னால் வைக்காமல், உட்கார்ந்திருப்பவர்களுக்கு அருகில், காது உயரத்தில், அளவைக் குறைத்து வையுங்கள்.

பதில் 3: கானாடுகாத்தான் மாணவி, மதுரை

அண்ணனுக்கும் ஐயாவுக்கும் வணக்கம். உங்கள் இருவர் பேச்சிலும் விடுபட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

‘உதிரிப்பூக்க’ளின் அமைதியைப் பாராட்டுகிறீர்கள். அந்தப் படத்தில் அதிகமாகப் பேசாமல் இருப்பது சுந்தரவடிவேலுவின் மனைவி லட்சுமி. அவளுடைய அமைதி பொறுமையாகவும் அழகாகவும் காட்டப்படுகிறது. லட்சுமியாக நடித்த அஸ்வினியின் முகத்தை அசோக்குமாரின் ஒளிப்பதிவில் பார்க்கும்போது எனக்கும் கண் கலங்கத்தான் செய்கிறது. ஆனால் ‘கொட்டுக்காளி’யில் அன்னா பென் நடித்த மீனாவும் பேசுவதில்லை. அவளைச் சுற்றி மாமன் மச்சான் எல்லாரும் ஓயாமல் பேசிக்கொண்டே அவளைப் பேயோட்டக் கூட்டிப்போகிறார்கள். லட்சுமியின் அமைதி தாங்கிக்கொள்வது. மீனாவின் அமைதி மறுப்பது. நாற்பத்தைந்து ஆண்டுகளில் நம் சினிமாவில் பெண்ணின் மௌனத்துக்கு வந்திருக்கும் இந்த மாற்றத்தை, எந்தப் படம் சத்தமானது என்ற கணக்கைவிடப் பெரியதாக நான் கருதுகிறேன்.

இப்போது பேச்சே இல்லை, சத்தம்தான் என்பதையும் நான் ஏற்கவில்லை. அதே 2024-இல் வந்த ‘மெய்யழகன்’ ஏறத்தாழ முழுவதும் இரண்டு ஆண்கள் ஓர் இரவில் பேசிக்கொள்வதுதான். படம் வெளியான பிறகு சுமார் 18 நிமிடங்களை வெட்டினார்கள். நான் வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். உறவுக்காரர் ஒருவர் நம்மை உரிமையோடு அழைக்கும்போது அவர் பெயரே நினைவுக்கு வராமல் தவிக்கும் அந்தக் கூச்சத்தை, ஊர்த் திருமணங்களில் அனுபவித்தவர்களுக்கு அந்தப் படத்தில் ஒரு நிமிடமும் கூடுதலாகத் தெரியாது.

ஒன்று கேட்கலாமா? அப்பச்சியின் விருப்பத்தை எழுதினீர்கள், பிள்ளைகளின் விருப்பத்தை எழுதினீர்கள், உங்களுடையதையும் எழுதினீர்கள். அப்பத்தாவிடம் கேட்டீர்களா?

வளவுக்காரன், காரைக்குடி

நோன்பு நல்லபடியாக முடிந்தது. பதில் எழுதிய மூவருக்கும் என் நன்றி.

தங்கையின் கடைசிக் கேள்வியைப் படித்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்று மாலையே வீட்டின் இரண்டாம் கட்டில் முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்த அப்பத்தாவிடம் போய்க் கேட்டேன். “பட்டம்மா பாட்டு இருக்கே, அந்தப் படம்” என்றார். ‘நாம் இருவர்’ படத்தைச் சொல்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று. 1947-இல் வெளிவந்த அந்தப் படம் எடுக்கப்பட்டது இங்கே, தேவகோட்டை ராஸ்தாவில் அப்போது ஏ.வி.எம். நடத்திவந்த ஸ்டூடியோவில்தான். மறு ஆண்டு அது கோடம்பாக்கத்துக்குப் போய்விட்டது. அந்த நாட்களில் அப்பத்தாவுக்கு ஏழெட்டு வயது. வில்வண்டியில் ராஸ்தா வழியாகப் போகும்போதெல்லாம் வேலிக்கு அப்பால் யாராவது தெரிகிறார்களா என்று எழுந்து நின்று பார்ப்பாராம். அவருடைய ஐயா உட்காரச் சொல்லி அதட்டுவாராம். இத்தனை ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும் இதை நான் கேட்டதே இல்லை.

ஆகவே முதலில் ‘நாம் இருவ’ரில் பாடகி டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதியார் பாட்டு ஒன்றை மட்டும் போட்டோம். பிறகு ஆசிரியர் ஐயா சொன்ன ‘அந்த நாள்’. பள்ளத்தூர்த் தம்பியின் சொற்படி ஏழு ஜமுக்காளம் விரித்து, ஒலிபெருக்கியைப் பட்டாலைத் திண்ணையில் வைத்தோம். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் வளவுக்கு மேலே தங்கியிருந்த புறாக்கள் எல்லாம் சடசடவென்று எழுந்து பறந்தன. மாடிக்குப் போவதாகச் சொன்ன பிள்ளைகள் கடைசிவரை நகரவில்லை. ஒவ்வொருவர் சாட்சியம் முடிந்ததும், இவன்தான், இல்லை அவள்தான் என்று அவர்களுக்குள் வாதம் நடந்தது. பாட்டு இல்லையே என்று எவரும் கேட்கவில்லை. சிவாஜி குரலை உயர்த்தாமல், சிரித்துக்கொண்டே பேசும் இடங்களில் நான் அவரைப் புதிதாகப் பார்த்தேன். 1950-களைப் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், ஐயா. பின்னணி இசையைப் பற்றிய மனக்குறை மட்டும் அப்படியே இருக்கிறது.

மறுநாள் மதியம் என் மகளின் மடிக்கணினியில் ‘கொட்டுக்காளி’யைப் பெண்கள் நான்கைந்து பேர் சேர்ந்து பார்த்தார்கள். வழியை மறித்து நிற்கும் காளையை ஒரு சிறுமி வந்து சாதாரணமாக ஓட்டிப்போகும் இடத்தில், அப்பத்தா படத்தை நிறுத்தச் சொல்லி மறுபடியும் அதையே பார்த்தாராம். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு எல்லாரும் கூடும்போது இதைப் பெரிதாக வளவில் போட வேண்டும் என்றும், ஆண்களும் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றும் இப்போதே சொல்லிவைத்திருக்கிறார். இசையே இல்லாத படத்துக்கு, மேலே வானம் திறந்த வளவில், ஒலிபெருக்கியை அதே இடத்தில் வைத்தால் போதுமா என்பதைப் பள்ளத்தூர்த் தம்பி தெரிவித்தால் உதவியாக இருக்கும்.