பதில்: ‘செரிமான ஊக்கி’க்கு மாற்றுச் சொல்

அனைவருக்கும் வணக்கம். மாட்டுத் தீவனக் கையேட்டுக்குச் சொல் தேடும் நம் பேச்சில் வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> தட்டும் வைக்கோலும் செரிக்கத் தீவனத்தில் கலப்பதற்குச் ‘செரிமான ஊக்கி’ என்ற பெயர் போதாதா? புதிதாக எதற்கு?

போதாது ஐயா. ஆத்தூர்ப் பக்கம் மருந்துக் கடையில் ‘செரிமான ஊக்கி’ என்று கேட்டால், வயிறு மந்தமான மாட்டுக்குக் கொடுக்கும் பொடியை எடுத்துத் தருகிறார்கள். அது பசியைக் கிளப்பும் சரக்கு. நாம் பேசுவது வேறு. சோளத்தட்டு, வைக்கோல், கடலைக்கொடி இவற்றின் நாரை மாடு தானாகச் செரிப்பதில்லை. அது அசைபோட்டு அரைத்துக் கொடுக்கிறது. முதல் வயிற்றில் (மாட்டு வயிற்றின் நான்கு அறைகளில் முதலாவது) குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் செரிக்கின்றன. ஆகவே சொல்லில் ‘நார்’ இருந்தே ஆக வேண்டும்.

இது பட்டுத் தெரிந்துகொண்டது. போன கோடையில் அந்தப் பெயர் போட்ட பாக்கெட் ஒன்றை வாங்கி, வெறும் மக்காச்சோளத்தட்டு தின்ற பசுவுக்கு 20 நாள் கலந்து போட்டேன். பால் ஒரு சொட்டு கூடவில்லை. சாணியை மாச்சல்லடையில் போட்டுக் குழாயடியில் கழுவிப் பார்த்தேன். (அந்தச் சல்லடைக்காக வாங்கிய திட்டு இன்னும் ஓயவில்லை.) அரை விரல் நீளத்துக்குத் தட்டுத் துண்டுகள் அப்படியே கிடந்தன. பாக்கெட்டில் இருந்தது நாரை வெட்டும் செல்லுலேஸ் நொதியா, ஈஸ்ட்டா, வெறும் சுக்கும் ஓமமுமா என்று அந்தப் பெயரை வைத்துச் சொல்லவே முடியாது. தப்பு என் பக்கமும் உண்டு. காய்ந்த தட்டில் புரதம் மிகக் குறைவு. புரதத்தில் இருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) கிடைக்காவிட்டால் நுண்ணுயிர் எதைப் போட்டாலும் பெருகாது. கூடவே புண்ணாக்கு வைத்திருக்க வேண்டும்.

> ‘நாரிளக்கி’ எப்படி?

ஓமலூர்த் தங்கை சொன்ன இந்தச் சொல் எனக்கும் முதலில் பிடித்துத்தான் இருந்தது. பால் சொசைட்டியில் நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். ஒரு பெரியவர், “பேதி மருந்தா தம்பி?” என்றார். மலமிளக்கி முந்திக்கொண்டுவிட்டது. சரி, விட்டுவிடலாம். ‘தீவனச் சேர்மம்’ என்பதும் ஆகாது. பள்ளிப் பாடத்தில் சேர்மம் என்றால் வேறு பொருள்.

என் யோசனை இது. செல்லுலேஸ், சைலனேஸ் போன்றவை நாரின் நீளச் சங்கிலிகளை வெட்டுகின்றன. கட்டுத்தரையில் தட்டுவெட்டி செய்கிற வேலைதான், கண்ணுக்குத் தெரியாத அளவில். எனவே ‘நார்வெட்டு நொதி’. ஈஸ்ட் எதையும் வெட்டுவதில்லை. முதல் வயிற்றுக்குள் நுழையும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது, அமிலம் ஏறாமல் பார்த்துக்கொள்ள உதவுகிறது. நம் சேலத்துக்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும்: ஜவ்வரிசி ஆலைத் திப்பியை (மரவள்ளிக் கிழங்குச் சக்கையை) அள்ளி அள்ளிப் போட்டால் மாவுச்சத்து மிஞ்சி, வயிறு புளித்து, நார் செரிக்கும் பாக்டீரியா படுத்துவிடும். அப்புறம் தட்டு எங்கே செரிக்கும்? நொதி, ஈஸ்ட் இரண்டுக்கும் பொதுப்பெயராக ‘நார்ச்செரிப்பி’யை முன்வைக்கிறேன். செரிப்பது மாடல்ல, செரிக்க வைப்பது இது என்பது ‘-ப்பி’யிலேயே வந்துவிடுகிறது.

யூரியாவை இந்தப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைப்பது வைக்கோலைப் பதப்படுத்தும் வேலை. அதில் கிளம்பும் அம்மோனியா நாரின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது, தழைச்சத்தும் ஏறுகிறது. அதையும் ‘ஊக்கி’ என்று கையேட்டில் அச்சடித்தால், யாராவது யூரியாவைக் கழுநீரில் கலக்கி வைப்பார்கள், மாடு செத்துவிடும். ‘யூரியா ஊறல்’ என்று தனியாகவே போடலாம். காற்றுப் புகாமல் புளிக்க வைத்த பசுந்தீவனத்துக்கு (சைலேஜ்) வைத்த ‘பதனத்தாள்’ புத்தகத்தோடு நிற்க, அதற்கே வைத்த ‘ஊறுகாய்ப் புல்’ வயல்காட்டுக்குள் வந்துவிட்டதைப் பார்க்கிறோம். ஊறல் என்றால் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. தட்டையும் மரத்தையும் கெட்டியாக்கும் லிக்னினுக்கு என்ன சொல்வது? முதல் வயிற்று நுண்ணுயிர்களால் அதைக் கிட்டத்தட்ட ஒன்றும் செய்ய முடிவதில்லை, மற்ற நாரையும் அது மறைத்து நிற்கிறது. ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்கிறோமே, அதிலிருந்து ‘வைரநார்’ என்று எடுக்கலாமா? நகைக்கடை நினைவு வருகிறதென்றால் சொல்லுங்கள், வேறு தேடுவோம்.

அன்புடன்,
தலைவாசலிலிருந்து