பன்னாட்டு உற்பத்திப் பிணையம்: சொல் தேர்வு குறித்து

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு பொருளின் பகுதிகளைப் பல நாட்டு ஆலைகளில் பிரித்துச் செய்து, அந்த ஆலைகளை ஒரே ஏற்பாடாகத் திட்டமிட்டு நடத்துவதைக் குறிக்கும் ‘குளோபல் புரொடக்‌ஷன் நெட்வொர்க்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்னும் நம் உரையாடலில் இதுவரை மூன்று சொற்கள் வந்துள்ளன: பன்னாட்டு உற்பத்திச் சங்கிலி, உலக உற்பத்தி வலைப்பின்னல், உலகளாவிய உற்பத்தி வலையமைப்பு. மூன்றையும் வாக்கியங்களில் வைத்து எழுதிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

சங்கிலியை முதலில் விலக்கிவிடலாம். மதிப்புச் சங்கிலி (வேல்யூ செயின்), வழங்கல் சங்கிலி (சப்ளை செயின்) ஆகிய இரண்டும் ஏற்கெனவே வேறு கருத்துகளுக்கு நிலைத்துவிட்டன. அதைவிட முக்கியமான காரணம், சங்கிலி என்னும் உருவகம் போதாது என்று கருதியவர்களே இந்தக் கருத்தை வளர்த்தார்கள் என்பது. 2002இல் ஜெஃப்ரி ஹெண்டர்சன், பீட்டர் டிக்கன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஐவர் எழுதிய கட்டுரை, உற்பத்தியை நேர்கோட்டில் செல்லும் படிகளாகப் பார்ப்பதைத்தான் கேள்விக்கு உட்படுத்தியது. ஏர்பஸ் ஏ320 விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சின் துலூஸ், ஜெர்மனியின் ஹாம்பர்க், சீனாவின் தியான்ஜின், அமெரிக்காவின் மொபீல் என நான்கு நகரங்களில் அதன் பகுதிகளை இறுதியாகப் பொருத்தும் பணி நடக்கிறது. ஜெர்மனியின் ஸ்டாடே நகரில் உருவாகும் செங்குத்து வால் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது. சங்கிலிக்கு ஒரே ஒரு இறுதி முனைதான் இருக்கும். இங்கே நான்கு இறுதி முனைகள் இருக்கின்றன.

வலைப்பின்னல் அழகான சொல்தான், ஆனால் நீளமானது. அதைப் ‘பின்னல்’ என்று சுருக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். பின்னலாடைத் தொழிலைப் பற்றி எழுதும்போது ‘பின்னல் உற்பத்தி’யும் ‘உற்பத்திப் பின்னலும்’ ஒரே பத்தியில் வந்தால் படிப்பவர் என்ன செய்வார்? வலையமைப்பு இலங்கைப் பாடநூல்களில் வேரூன்றிய சொல் என்பதை மதிக்கிறேன். சிக்கல் கூட்டுச் சொற்களில்தான் எழுகிறது. இந்தத் துறையின் முதன்மையான பணியே வடிவமைப்பு என்பதால், ‘வலையமைப்பு வடிவமைப்பு’, ‘வலையமைப்பை மாற்றியமைத்தல்’ என்று பக்கத்துக்குப் பக்கம் எழுத நேரும். ‘அமைப்பு’ என்னும் ஒலி திரும்பத் திரும்ப வந்து வாசிப்பை இடறும்.

ஆகவே ‘பிணையம்’ என்பதை முன்வைக்கிறேன். கணினித் துறையில் அது பழகிய சொல். பிணைய வடிவமைப்பு, பிணையத் திட்டமிடல், பிணைய மேலாண்மை என்று எளிதாகக் கூட்டுச் சேரும். கடனுக்கு வைக்கும் ஈட்டையும் உறுதிப் பொறுப்பையும் அது குறிக்கிறதே என்னும் எதிர்ப்பு வரும், அது நியாயமானதும்கூட. ஆலையைப் பிணையமாக வைத்துக் கடன் பெறுவதும் தொழில்துறையில் நடப்பதுதான். ஆனால் ‘உற்பத்தி’ என்னும் அடை முன்னால் நிற்கும்வரை குழப்பம் குறைவு. மேலும், பிணைதல் என்னும் வினையில் ஒன்றின் நிலை மற்றதைப் பாதிக்கும் என்ற பொருள் தங்கியிருப்பது இங்கே நமக்குச் சாதகம். 2011 மார்ச் நிலநடுக்கத்தில் ஜப்பானின் ரெனேசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலை நின்றபோது, அங்கே செய்யப்பட்ட நுண்கட்டுப்படுத்திச் சில்லுகள் கிடைக்காமல் தொலைதூர நாடுகளின் கார் ஆலைகளும் உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது. இதை ‘வலை’ சொல்வதைவிடப் ‘பிணை’ நன்றாகச் சொல்கிறது.

அடுத்து அடைமொழி. ‘உலகளாவிய உற்பத்தி’ என்றவுடன், எஃகோ கோதுமையோ உலகம் முழுவதிலும் விளைந்த மொத்த அளவுதான் நினைவுக்கு வருகிறது. அடை பிணையத்தைத் தழுவாமல் உற்பத்தியோடு ஒட்டிக்கொள்கிறது. ‘உலக உற்பத்தி’யிலும் இதே இடர் உண்டு. ‘பன்னாட்டு உற்பத்தி’ என்றால் அந்த மயக்கம் இல்லை. தவிரவும், இத்தகைய பிணையங்கள் பலவும் சில நாடுகளில் மட்டுமே பரவியவை. பன்னாட்டு உற்பத்திப் பிணையம் என்றால் பன்னாட்டு நிறுவனம் ஒன்றுக்கே சொந்தமானது என்று யாரேனும் எண்ணக்கூடும், ஆனால் அதை வரையறையில் ஒரு வரியால் தீர்த்துவிடலாம்.

‘பிளானிங்’ என்பதற்குத் திட்டமிடல் என்ற ஒரே சொல்லை எல்லா நிலைகளுக்கும் பயன்படுத்தக் கூடாது என்பது என் கருத்து. எந்த நாட்டில் ஆலை அமைப்பது என்பது பல்லாண்டு முடிவு. எந்த ஆலையில் எந்தப் பொருளைச் செய்வது என்பது இடைக்கால முடிவு. வரும் வாரத்தின் ஆணைகளை எங்கே அனுப்புவது என்பது அன்றாட முடிவு. இவற்றை முறையே வடிவமைப்பு, ஒதுக்கீடு, இயக்கம் என்று பிரித்து, மூன்றையும் தழுவும் பொதுச் சொல்லாகத் திட்டமிடலை வைத்துக்கொள்ளலாம். ஒரு நிறுவனத்தின் ஆலைகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதைக் குறிக்கும் ‘ஃபுட்பிரின்ட்’ என்பதற்கு வந்த ‘உற்பத்தித் தடம்’ கரிமத் தடத்தை நினைவூட்டுகிறது. ‘ஆலைப் பரவல்’ என்றாலே போதும்.

ஒரே ஏற்பாட்டுக்குள் இருப்பதாகிய ஒருங்கிணைப்பையும், ஒன்றோடொன்று பொருந்திச் செயல்படுவதாகிய ஒத்திசைவையும் பிரித்தே ஆக வேண்டும். ஏ380 விமானத் திட்டத்தில் ஹாம்பர்க்கும் துலூசும் ஒரே வடிவமைப்பு மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளைப் பயன்படுத்தியதால், மின்கம்பித் தொகுதிகள் விமான உடலில் பொருந்தாமல் போய், 2006இல் பெரும் தாமதம் அறிவிக்கப்பட்டது. ஆலைகள் ஒரே நிறுவனத்துக்குள் ஒருங்கிணைந்தே இருந்தன, ஒத்திசைவுதான் இல்லை.

ஒவ்வோர் ஆலையும் பிணையத்தில் ஆற்றும் பணியைக் குறிக்க, 1997இல் மேலாண்மைப் பேராசிரியர் காஸ்ரா ஃபெர்டோஸ் வகுத்த ஆறு வகைகளையே பலரும் பின்பற்றுகிறார்கள். அவற்றுள் உள்ளூர்ச் சந்தைக்கு வழங்குவதைச் ‘சந்தை ஆலை’ எனலாம். முன்னேறிய வழங்குநர்களும் போட்டியாளர்களும் உள்ள இடத்தில் அறிவைத் திரட்டவே நிறுவப்படுவதற்கு ‘ஒற்றாலை’ என்று வந்த பரிந்துரையைப் படித்துச் சிரித்தேன். குறும்பு பிடித்திருந்தாலும் ‘அறிவேற்பு ஆலை’ என்றே எழுதுவேன். எனக்கு நிறைவு தராதது ‘லீட்’ என்னும் வகைக்கான சொல் மட்டும். தலைமை ஆலை என்றால் தலைமையகமாகத் தெரிகிறது. முன்னணி ஆலை என்றால் தரவரிசைபோல் ஒலிக்கிறது. புதிய செயல்முறைகளை உருவாக்கிப் பிணையம் முழுவதற்கும் தருவது என்பதால், இப்போதைக்கு ‘வழிகாட்டி ஆலை’ என்று வைத்திருக்கிறேன். இதனினும் கச்சிதமான சொல் யாரிடமேனும் இருந்தால் தெரிவியுங்கள்.