எட்டுக் கட்டத்துக்குள் அடங்காத ‘ண’

நண்பன் ஒருவன் மலை ரயிலை வைத்து ஒரு சின்ன மொபைல் கேம் செய்தான். பழைய வீடியோ கேம் மாதிரி கட்டம் கட்டமான எழுத்து வேண்டும், அதுவும் தமிழில் வேண்டும் என்றான். இங்கிலீஷ் எழுத்து எட்டுக்கு எட்டு கட்டத்தில் அழகாக உட்கார்ந்துவிடுகிறது, தமிழுக்கு மட்டும் என்ன என்று கோத்தகிரியில் ஒரு மழை வாரம் முழுக்க வீட்டுக்குள் உட்கார்ந்து வரைந்தேன். ப, ட, ம சுலபம். ‘ண’ வந்ததும் மூன்று சுழியும் ஒட்டிக்கொண்டு கறுப்புக் கட்டியாகிவிட்டது, ஒன்றைக் குறைத்தால் ‘ன’. மேலே புள்ளி, ‘கி’யின் விசிறி, கீழே உகரத்தின் வால், எட்டு வரிசை எங்கே போதும்? பதினாறுக்குப் போனேன். கால், கொம்பு என்றால் ஒருமுறை வரைந்து ஒட்டிக்கொள்ளலாம். கு, டு, து, கூ, டூ, தூ எல்லாம் ஒவ்வொன்றும் ஒரு விதம், இப்படி உகர, ஊகார எழுத்து 36-ஐயும் தனித்தனியாகத்தான் வரைய வேண்டும்.

அப்புறம் ஊட்டியில் ஒரு கடையில் நீலகிரிப் பழங்குடியான தோடர் அக்கா ஒருவர், அவர்கள் போர்த்தும் பூத்துக்குளி சால்வைக்குப் பூ வேலை செய்வதைப் பார்த்தேன். பென்சில் கோடே கிடையாது. துணியின் இழையை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்பும் போடுகிறார், ஊசி படாமல் விட வேண்டிய இழையையும் சேர்த்து எண்ணுகிறார். நான் கோடுகளை மட்டும்தானே எண்ணிக்கொண்டிருந்தேன்! வீட்டுக்கு வந்து முதலில் சுழிக்குள் இருக்கும் வெள்ளையை வைத்தேன், ஒரு கட்டம் அகலம், இரண்டு கட்டம் உயரம். அதைச் சுற்றிக் கறுப்பு. ‘ண’ 13 கட்டம் அகலமானது, ‘ர’ வெறும் 6. ஆகட்டும், படிக்க முடிகிறதே.

கூத்து அதற்கப்புறம். 16-ல் வரைந்தது 32, 48 என்று முழு மடங்கில்தான் நிற்கும். ஃப்ளெக்ஸ் கடையில் இடத்துக்கு ஏற்ற மாதிரி 40 வைத்து, ஓரத்தையும் வழவழப்பாக்கிக் கொடுத்தார்கள். குன்னூர் மூடுபனிக்குள் நின்று படிக்கிற மாதிரி இருந்தது.

—

அண்ணா, நான் மேட்டுப்பாளையத்திலிருந்து தினமும் மேலே வருகிறவன். ஒரு பஸ்ஸில் எல்.இ.டி. போர்டில் மேல்வரிசை விளக்கு செத்துப்போய் ‘குன்னூர்’ இரண்டு மாதம் ‘குனனூர’ என்றே ஓடியது. யாரும் கண்டுகொள்ளவில்லை, சரியாகத்தான் ஏறினார்கள். பனியில் பெயின்ட் போர்டு தெரியாது, இந்த விளக்கு எழுத்து மட்டும் பர்லியாறு வளைவிலேயே தெரிந்துவிடும். ஆமாம், ஃபான்ட்டுக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?

—

1984-ல் வந்த ஆப்பிள் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்கு சூசன் கேர் என்ற டிசைனர் வரைந்த எழுத்துகளுக்கு முதலில் ஃபிலடெல்ஃபியா பக்கத்து ரயில் ஸ்டேஷன் பெயர்களைத்தான் வைத்திருந்தார்களாம், ஸ்டீவ் ஜாப்ஸ்தான் உலக நகரங்களாக வையுங்கள் என்று சிகாகோ, ஜெனீவா என மாற்ற வைத்தார். நம்மைக் கேட்க ஆள் இல்லை, ஸ்டேஷன் பெயரே வைத்துவிட்டேன். ‘கேத்தி’.

—

உதகமண்டலம் என்றே வைத்திருக்கலாமே?

—

அதில் ‘ண்’ இருக்கிறதுங்க.