பதில்: 'நாடு கடத்தல்' – ஒரே சொல்லுக்குள் இரு வேறு வழக்குகள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். அரசு ஒருவரை நாட்டைவிட்டு வெளியே அனுப்புவதைக் குறிக்க யாழ்ப்பாண நண்பர் ஒருவர் இக்குழுவில் 'குடியகற்றல்' என்ற சொல்லை முன்வைத்தார்; அதற்கு என் பதில் இது.

ஆனையூர், திருவாதவூர், உச்சப்பட்டி ஆகிய இலங்கைத் தமிழர் முகாம்களில் வாழ்வோருக்காகக் குடியேற்ற வழக்குகளின் போக்கைத் தமிழில் சுருக்கித் தரும் பணியில் மதுரையில் நாங்கள் சிலர் ஈடுபட்டிருக்கிறோம். அப்பணியில் எங்களைப் பெரிதும் இடறச் செய்யும் சொல் 'நாடு கடத்தல்'. டிபோர்ட்டேஷன், எக்ஸ்ட்ராடிஷன் இரண்டையுமே நம் நாளிதழ்கள் அவ்வாறுதான் எழுதுகின்றன.

2025 ஏப்ரல் 10 அன்று, மும்பைத் தாக்குதல் வழக்கில் தேடப்பட்ட தஹாவூர் ராணா அமெரிக்காவிலிருந்து தில்லிக்குக் கொண்டுவரப்பட்டார். அதே நாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எல் சால்வடாருக்கு அனுப்பக் கூடாதென்று 2019இல் குடியேற்ற நீதிபதி தடை விதித்திருந்தும் அங்கேயே அனுப்பப்பட்டுச் சிறையில் வைக்கப்பட்ட ஒருவரை விடுவிக்க அரசு வழிசெய்ய வேண்டுமென்ற கீழமை நீதிமன்ற ஆணை சரியே என்றது. ராணாவுக்கு நடந்தது எக்ஸ்ட்ராடிஷன்; அதாவது, வேறொரு நாடு கேட்டுக்கொண்டதன் பேரில், குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்ற விசாரணைக்குப் பின் கையளிப்பது. நம் நாட்டில் அதற்கென 1962ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. எல் சால்வடாருக்கு அனுப்பப்பட்டவருக்கு நடந்தது டிபோர்ட்டேஷன்; அதாவது, தங்க உரிமையில்லை என்று தான் கருதுபவரை அரசே வெளியே அனுப்புவது. அதற்குக் குற்றச்சாட்டு எதுவும் தேவையில்லை. இங்கு 1946ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டத்தின் இடத்தில், 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறையில் உள்ளது. இரண்டுக்கும் ஒரே சொல்லை இட்டால், முகாமில் படிப்பவருக்குத் தம் மீது குற்ற வழக்கு இருப்பதாகவே தோன்றும். கடத்தல் என்றதும் தங்கமும் கஞ்சாவும்தானே நினைவுக்கு வருகின்றன.

யாழ்ப்பாண நண்பர் முன்வைத்த 'குடியகற்றல்' அழகான ஆக்கம். இலங்கையில் வழங்கும் 'குடியகல்வு' தானே செல்வதைக் குறிக்க, இது பிறர் செலுத்துவதைக் குறிக்கிறது. ஆனால் எல்லையிலேயே பிடிபட்டுத் திருப்பப்படுபவர் எங்கும் குடியிருந்தவரல்லர். மேலும், வைகைக் கரையில் குடிசைகளை அகற்றும் செய்திகளைப் படித்துப் பழகிய மதுரைக்காரர் இதை வீட்டைவிட்டு வெளியேற்றுவதாகவே கொள்வார். 'நாடகற்றல்' என்பதோ நாடகத்தை நினைவூட்டுகிறது.

ஆகவே டிபோர்ட்டேஷனுக்கு 'நாட்டகற்றம்' என்றும், எக்ஸ்ட்ராடிஷனுக்கு 'நாடிடை ஒப்படைப்பு' என்றும் பரிந்துரைக்கிறேன். 1996ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அமெரிக்கச் சட்டம் 'ரிமூவல்' என்ற சொல்லையே முதன்மையாக ஆள்வதால், அகற்று என்னும் வேர் அங்குள்ள தீர்ப்புகளுக்கும் பொருந்தும். எல் சால்வடார் வழக்கில் மீறப்பட்டதை 'நாட்டகற்றத் தடை' என்று இரண்டே சொற்களில் சொல்லிவிடலாம். 'குற்றவாளிகளை ஒப்படைத்தல்' என்னும் வழக்கை மட்டும் விட்டுவிட வேண்டும். ஒப்படைக்கப்படுபவர் பெரும்பாலும் விசாரணையை எதிர்நோக்குபவர், அவரைக் குற்றவாளி என்பது அநீதி.

'நாடு கடத்தல்' என்னும் சொல்லையே கைவிடச் சொல்லவில்லை. 1802இல் சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் பிறரையும் பினாங்குக்கு அனுப்பிய கும்பினியாரின் செயலுக்கு அதுவே சரியான பெயர்; அது சொந்த மண்ணின் மக்களை அம்மண்ணிலிருந்து பிரித்த தண்டனை.

வினைவடிவில்தான் எனக்குத் தயக்கம். 'நாட்டகற்றப்பட்டார்' என்பது வாய்க்கு வரவில்லை. தொடர்களில் 'நாட்டைவிட்டு அகற்றப்பட்டார்' என எழுதி, தலைப்பிலும் சட்டப்பெயரிலும் மட்டும் கூட்டுச்சொல்லை ஆளலாமா? அடுத்த தொகுப்பை அச்சுக்கு அனுப்புமுன் உறுப்பினர்களின் கருத்தை, குறிப்பாக ஈழத்து நண்பர்களின் கருத்தை, எதிர்பார்க்கிறேன்.