வாசலில் வந்து நின்ற வேட்பாளர்கள்: உங்கள் வார்டில் என்ன நடந்தது?

கொல்லைப்புறத்தான்:

எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் நிற்பவர்கள் திறந்த ஜீப்பில் கும்பிட்டபடியே போய்விடுவார்கள். கவுன்சிலருக்கு நிற்பவர்தான் கேட்டைத் திறந்து உள்ளே வந்து, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்பார். அவரை நமக்குத் தெரியும், அவருக்கும் நம்மைத் தெரியும். சங்கடமே அதுதான்.

2022 பிப்ரவரி 19-ல் தமிழ்நாட்டில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலைப் பற்றி நேற்று வீட்டில் பேச்சு வந்தது. 2011-ல் தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2016-ல் முடிந்தது. அந்த அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை, வேட்புமனு வாங்கி முடித்த பிறகு உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சிதான். எங்கள் தெருவில் பக்கவாட்டுச் சாக்கடையின் மூடி உடைந்தது அந்தக் காலத்தில்தான். யாரிடம் போய்ச் சொல்வது என்றே தெரியாமல் அப்பா மூன்று வருடம் அதைத் தாண்டித் தாண்டிப் போய்வந்தார்.

அப்பாவுக்கு 78 வயது, காது கொஞ்சம் மந்தம். வேட்பாளர் முப்பது பேரோடு வந்தார். நெற்றியில் ஆரத்திக் குங்குமம் ஏறி ஏறி அப்பமாக நின்றது. "ஐயா, உங்க பிள்ளை மாதிரி நெனச்சு..." என்று ஆரம்பித்தவரின் கையை அப்பா கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நேராகச் சாக்கடைக்கு அழைத்துப் போய்விட்டார். "குனிஞ்சு பாருங்க" என்றார். கூட வந்தவர்கள் "அண்ணே, லேட்டாகுது" என்கிறார்கள். அப்பாவுக்கு அது கேட்கவில்லை, அல்லது கேட்காத மாதிரி இருந்தார். வேட்பாளர் புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிஜமாகவே குத்தவைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். அப்பா விடவில்லை. அவருடைய பிட் நோட்டீஸின் பின்பக்கத்திலேயே "கதவு எண் 14 எதிரில் சாக்கடை மூடி போட்டுத் தருகிறேன்" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கிவிட்டார்.

மாநிலம் முழுக்க 12,838 வார்டு. வார்டுக்கு ஒரு கதையாவது இருக்குமே, சொல்லுங்கள்.

வெண்ணாறு:

கையெழுத்தா! உங்கள் அப்பாவை எங்கள் தெருவுக்குக் கொஞ்ச நாள் அனுப்பி வையுங்கள்.

எங்களுடையது டெல்டா பக்கம் ஒரு நகராட்சி. பெண்களுக்குப் பாதி இடம் என்று ஆனதில் எங்கள் வார்டு பெண்கள் வார்டானது. போஸ்டரில் கணவர் படம் ஆளுயரத்துக்கு, மூலையில் பாஸ்போர்ட் அளவில் அந்தம்மா. ஓட்டுக் கேட்டு வந்தபோதும் அப்படித்தான். முன்னால் கணவர் பேசிக்கொண்டே வந்தார், பின்னால் பட்டுப்புடவையில் கும்பிட்ட கை இறங்காமல் அவர். எங்கள் திண்ணையில் என் மாமனாரிடம் கணவர் ரோடு, குழாய், தெருவிளக்கு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு சொம்பு தண்ணி" என்று அந்தம்மா உள்ளே வந்தார். குடித்தார். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார். காலில் செருப்பு கடித்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. எங்கள் அடுப்படிக் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, "இவ்ளோதான் வருதா? ராத்திரி எத்தன மணிக்கு விடறாங்க?" என்று கேட்டார். வெளியே உட்கார்ந்திருந்தவர் அதைக் கேட்கவே இல்லை. கிளம்பும்போது காலண்டர் தாளில் ஒரு நம்பரை எழுதிக் கொடுத்தார். "நோட்டீஸ்ல இருக்கறது அவரு நம்பர். இது என்னோடது. ஜெயிச்சா இதுக்குக் கூப்பிடுங்க."

ஜெயித்தார். நான் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறேன், இரண்டு தடவையும் அவரேதான் எடுத்தார். கூட்டத்துக்கு யார் போகிறார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

பதினோராம் மாடி:

சென்னை, அடுக்குமாடி. எங்களிடம் யாரும் வந்து நிற்க முடியாது, செக்யூரிட்டி விடமாட்டார். அசோசியேஷனில் பேசி, ஞாயிறு காலை பேட்மின்டன் கோர்ட்டில் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்தோம். 240 வீட்டில் வந்தவர்கள் ஒன்பது பேர், அதில் இரண்டு பேர் பேட்மின்டன் ஆட வந்தவர்கள். ஒரு வேட்பாளர் முடித்துக்கொண்டு போகும்போது அடுத்தவர் உள்ளே வந்தார். "என்ன மாப்ள, கூட்டம் எப்படி?" "நீயே பாத்துக்கோ." எதிரெதிர் கட்சி, ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களாம். மாநிலத்தில் 60 சதவீதம் ஓட்டு விழுந்தபோது சென்னையில் 43-ஐத் தாண்டியதே பெரும்பாடு. அந்த ஒன்பது பேரைப் பார்த்தவன் என்பதால் எனக்கு அதில் ஆச்சரியமில்லை.

பூட்டு சாவி:

நான் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவன். சுயேச்சை. நகராட்சி வார்டுக்கு டெபாசிட் 2,000 ரூபாய். திரும்பி வரவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கட்சிக்காரர்களுக்குச் சின்னம் பிறவியிலேயே இருக்கிறது. சுயேச்சைக்கு, வாபஸ் வாங்கும் நாள் முடிந்த பிறகுதான் ஒதுக்குவார்கள். பிப்ரவரி 7 மாலை எனக்குக் கிடைத்தது பூட்டு சாவி. நான் கேட்டது வேறு, அதையே இன்னொருவரும் கேட்டதால் குலுக்கலில் போய்விட்டது. 17-ஆம் தேதி மாலை 6 மணிக்குப் பிரச்சாரம் முடிகிறது. ஆக, ஒரு பூட்டை ஊர் மனதில் ஏற்ற எனக்கு இருந்தது பத்தே நாள். முதல் இரண்டு நாள் நோட்டீஸ் அச்சடிப்பதிலேயே போனது.

ஓட்டுக் கேட்பது பழகப் பழகத்தான் வரும். முதல் வீட்டில் பெல் அடித்துவிட்டுத் திறப்பதற்குள் திரும்பி வந்துவிட்டேன். நாலாவது வீட்டில் "வேண்டாம்ப்பா, நேத்துத்தான் வாங்கினோம்" என்றார்கள், ஊதுபத்தி விற்க வந்தவன் என்று நினைத்து. கதவு பூட்டியிருந்த வீடுகளைக் கணக்கெடுத்துக்கொண்டே வந்த என் தம்பி, "அண்ணே, இவங்க எல்லாருக்கும் உன் சின்னம் மனப்பாடம்" என்றான். கட்சி வேட்பாளர் ஒருவர் எதிரில் வந்தார். கும்பிட்டேன், அவரும் கும்பிட்டார். எனக்கு என் ஓட்டு, அவருக்கு அவர் ஓட்டு என்று இருவருக்குமே தெரியும், இருந்தாலும் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டோம்.

கஷ்டம், முன்பின் தெரியாதவர்களிடம் இல்லை, சொந்தக்காரர்களிடம்தான். தெரியாதவர் முகத்துக்கு நேரே "பார்க்கலாம்" என்பார். பெரியப்பா தலையில் கைவைத்து, "உனக்கில்லாம யாருக்குடா" என்றார். கடைசி மூன்று நாளும் அவர் வீட்டு வாசலில்தான் ஆளுங்கட்சி அலுவலகப் பந்தல்.

22-ஆம் தேதி எண்ணிக்கை. ஒவ்வொரு பூத் மெஷினாகத் திறந்து சொல்வார்கள். எங்கள் தெரு பூத்தில் எனக்கு 11. எங்கள் வீட்டில் மட்டும் ஆறு ஓட்டு. மீதி ஐந்து பேர் யார் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். தெருவில் யாராவது சிரித்தால் "இவராக இருக்குமோ" என்று கொஞ்சம் கூடுதலாகவே சிரித்து வைக்கிறேன். பெரியப்பாவிடமும்தான்.

நொய்யல்:

@பூட்டு சாவி, அந்த ஐந்து பேருக்காக இன்னொரு தடவை நிற்கலாம் சார்.

கொங்குப் பக்கம் 2022-ல் ஓட்டுக்குக் கொலுசும் ஹாட்பாக்ஸும் கொடுப்பதாகச் செய்தி அடிபட்டது எல்லாருக்கும் நினைவிருக்கும். எங்கள் தெருவுக்கு வந்தது கவர். அதைவிட எனக்கு மறக்காதது கற்பூரம். கவரோடு ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றி வந்து, "அடிச்சு சத்தியம் பண்ணுங்க, எங்களுக்குத்தான்னு" என்று வீடு வீடாகக் கேட்டார்கள். நாலு வீடு தள்ளி வரும்போதே அம்மா பார்த்துவிட்டார். கதவை ஒருக்களித்துத் திறந்து, "வீட்ல தீட்டுங்க கண்ணு, சாமி காரியம் இப்ப ஆகாதுங்க" என்றார். தட்டு படிக்கட்டிலேயே நின்றுவிட்டது. கவரும் தட்டோடு திரும்பிப் போனது. "சத்தியமும் வேண்டாம், காசும் வேண்டாம்னு நேரா சொன்னா நாளைக்குத் தெருவுல நடக்க முடியுமா?" என்பது அம்மாவின் கேள்வி. தீட்டு கழிய எத்தனை நாள் என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தைக்கும் அன்றைக்கே தீட்டானது.

ஓட்டுப்போடப் போனபோது இன்னொரு கூத்து. 2011-ல் சேர்மனுக்குத் தனி ஓட்டு இருந்ததல்லவா? இந்தத் தடவை கவுன்சிலருக்கு மட்டும்தான், சேர்மனைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பார்கள். அம்மா மை வைத்த விரலோடு பூத்துக்குள்ளேயே நின்று, "இன்னொரு மெசின் எங்கீங்க?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னதும், "அப்ப அவங்களுக்கு யாரு கற்பூரம் அடிக்கறது?" என்றார். பூத் ஆபீசர் தலையைக் குனிந்துகொண்டார்.

பனங்கொட்டை:

யாழ்ப்பாணத்திலிருந்து. எங்களுக்கு 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், காசில்லை என்று தள்ளித் தள்ளிப் போய் 2025 மே 6-இல்தான் நடந்தது. உங்கட வார்டு எங்களுக்கு வட்டாரம். பூட்டு சாவி அண்ணையின் கதையை வாசிக்க எனக்கு எங்கட வட்டார வேட்பாளர் ஞாபகம் வந்தார். இப்ப இருக்கிற முறையில் வாக்குச்சீட்டில் ஆளின் பெயர் வராது, கட்சியும் சின்னமும்தான். பெடியன் எங்கட பின்வளவில் பிறந்து வளர்ந்தவன், அவனைத் தெரியாத வீடில்லை. ஆனாலும் கேற்றடியில் நின்று, "அன்ரி, என்ரை பேரைத் தேடாதேங்கோ, சின்னத்தைப் பாருங்கோ" என்று கெஞ்ச வேண்டியிருந்தது. அம்மம்மா கடைசிவரை கேட்ட கேள்வி: "உன்ரை பேர் இல்லாத கடுதாசியில் நான் உனக்கு எப்பிடியடா போடுறது?"

மல்லிகைப்பூ:

பெங்களூரில் இருக்கும் எங்களுக்கு இந்தச் சங்கடமெல்லாம் பொறாமையாக இருக்கிறது. கடைசியாக மாநகராட்சிக்கு ஓட்டுக் கேட்டு எங்கள் வாசலுக்கு ஆள் வந்தது 2015 ஆகஸ்டில். 2020 செப்டம்பரில் கவுன்சிலர்களின் காலம் முடிந்தது, அப்புறம் வருடக்கணக்காக யாரும் வரவில்லை. 2015-ல் வந்தவர் தமிழ் வீடு என்று தெரிந்துகொண்டு "வணக்கம், நல்லா இருக்கீங்களா" என்றார். பதில் சொல்வதற்குள் அடுத்த வீட்டில் தெலுங்கில் ஆரம்பித்துவிட்டார்.

கொல்லைப்புறத்தான்:

எல்லாவற்றையும் அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கற்பூரக் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தார்.

மூடி என்ன ஆச்சு என்று தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அவர் ஜெயித்தார். எட்டு மாதம் கழித்து மூடியும் வந்தது. ஆனால் அளவெடுக்காமல் போட்டதில் ஒரு சாண் இடைவெளி விட்டுப்போனது. அப்பா கூப்பிட்டுச் சொன்னார். "ஐயா, மூடி போடறேன்னுதான் எழுதிக் குடுத்தேன், போட்டாச்சு" என்று பதில் வந்ததாம். அதன்மேல் இப்போது எங்கள் பழைய கதவுப் பலகை ஒன்று கிடக்கிறது.

அந்த நோட்டீஸ் கரண்ட் பில் அட்டைக்குள் பத்திரமாக இருக்கிறது. நேற்று அதை எடுத்துத் திரும்பப் படித்துவிட்டு, ஸ்கேல் எங்கே என்று கேட்டார். இப்போது வெளியே குனிந்து அளந்துகொண்டிருக்கிறார்.