புறாமலை முருகைக்கல்லை நாசம் பண்ணினது ஆர்?

அளம்பில்காரன்:
நேற்று ரொறன்ரோச் சுழியோடி எழுதினதை வாசிச்சனியளே? ஆள் லீவுக்கு வந்து திருகோணமலை நிலாவெளிப் புறாமலைத் தீவில சிலிண்டர் கட்டி இறங்கிப் பாத்தவராம், முருகைக்கல், அதான் பவளப்பாறை, முழுக்க மீன்பிடிகாரர்தான் கரைவலை இழுத்து அழிச்சவையாம், முல்லைத்தீவுக் கடலையும் பார்க் ஆக்கி எங்களை எழுப்பவேணுமாம். சரி ராசா, நீர் போட்ட படத்தில உம்மட வலது கால் எதுக்கு மேல நிக்குது? அதை முதல் சொல்லும்.

ரொறன்ரோச் சுழியோடி:
மணலில நிக்குது. நான் கோர்ஸ் செய்து 18 மீற்றர் மட்டும் இறங்கக் கார்ட் எடுத்தனான். 2003 இல தேசியப் பூங்கா ஆக்கின இடத்தில கல்லுக்கு மேல வலை சிக்கிக் கிடக்குது, அதை ஆர் போட்டது, நானோ?

அளம்பில்காரன்:
மணலுக்குக் கிளை முளைக்குமோ? படத்தைப் பெருப்பிச்சுப் பாத்தன், மான்கொம்பு மாதிரி விரிஞ்ச கல்லு உம்மட காலுக்குக் கீழ. அது நல்லாய் வளந்தாலே வருசத்துக்கு ஒரு 10 சென்ரிமீற்றர்தான், உருண்டைக் கல்லெண்டா ஒரு சென்ரிமீற்றர் வாறதே பெரிய காரியம். கார்ட் தந்தவன் இதைச் சொல்லித் தரேல்லையோ?

குமுழமுனைத் தங்கச்சி:
ரெண்டுபேரும் சூட்டை மறந்திட்டியள். கடல் வழமையான உச்சச் சூட்டைவிட ஒரு பாகை கூடி சில கிழமை நிண்டாலே உள்ள இருக்கிற பாசி வெளியேறிக் கல்லு வெளிறிப்போகும். 1998 இல ஹிக்கடுவ, கற்பிட்டியில அப்பிடித்தானே செத்தது, அங்க ஆற்ற கால்?

ரொறன்ரோச் சுழியோடி:
தங்கச்சி பாடம் பிறகு எடுக்கலாம். அண்ணை டைனமைற்றைப் பற்றி ஏன் வாய் திறக்கேல்லை?

அளம்பில்காரன்:
டைனமைற் அடிக்கிறவனை நாங்களே பிடிச்சுக் குடுப்பம், அவன் அடிச்சா குஞ்சுகுருமன் எல்லாம் சாகும், பிறகு நாங்கள் என்னத்தைப் பிடிக்கிறது. கரைவலைக்காரனைப் பழி சொல்லுறீர், கரைவலை மணல்தரையில இழுக்கிறது ஐயா, கல்லில இழுத்தா வலைதான் கிழியும், அது எங்கட சின்னப்பெடியனுக்கும் தெரியும். புறாமலையில கல்லை மிதிச்சு நடக்கிற சுற்றுலாச் சனத்தைப் பற்றி ஒரு வரி எழுதினீரோ? கால் எங்க நிண்டது?

ரொறன்ரோச் சுழியோடி:
மணல். மணல். மணல்.

வவுனியா மாமா:
அளம்பிலார் பெரிய யோக்கியர். சிலிண்டர் கட்டி இரவில லைற் அடிச்சுக் கடலட்டை அள்ளுறது ஆர்? வேகமா மேல வந்து இரத்தத்தில நைதரசன் குமிழ் கட்டி இடுப்புக்குக் கீழ இயங்காமக் கிடக்கிற பெடியளைக் கண்டனீரோ?

அளம்பில்காரன்:
மாமா, வவுனியாவில கடல் எந்தப் பக்கம்? குளக்கட்டில நிண்டு அட்டைக் கதை. அட்டைக்கு வெளியால இருந்து வாறவங்களோட நாங்கள் படுற பாடு உமக்கெங்க தெரியப்போகுது, நாயாத்துப் பக்கம் ஒருநாள் வந்து பாரும்.

குமுழமுனைத் தங்கச்சி:
அண்ணை, எங்கட ஊராக்களும் போறவை. மறைக்காதேங்கோ.

அளம்பில்காரன்:
நீ ஆற்ற பக்கம் பிள்ளை? அவர் மணல் எண்டதுக்கு ஒண்டும் சொல்லாம என்னில பாயுறாய். மான்கொம்புக் கல்லு, செட்டை மாட்டின வலது கால், அவ்வளவுதான் என்ர கேள்வி.

ரொறன்ரோச் சுழியோடி:
படத்தை எடுத்திட்டன். இனிப் பெருப்பிச்சுப் பாரும்.

அளம்பில்காரன்:
நான் சேவ் பண்ணி வைச்சிருக்கிறன் ராசா.

வவுனியா மாமா:
அதைச் சேவ் பண்ணத் தெரியுது, போன சோழகத்துக்கு என்னட்டைக் காசு வாங்கிக்கொண்டு அனுப்பாத கருவாட்டை மட்டும் மறந்துபோச்சு.

அளம்பில்காரன்:
கருவாடு பஸ்ஸில போட்டனான். கொண்டக்டரிட்டக் கேளும்.